அப்பாவின் டி-டைமர் அளவு அதிகம்: உணவுக்குழாய் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டுமா?

வட சென்னையில் வசிக்கும் 38 வயது வாசகி ஒருவர் விரிவான கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 66 வயது. சாப்பிட்ட இட்லிகூட நெஞ்சில் அடைத்து நிற்கிறது என்று போனபோது, உணவுக்குழாயின் நடுப்பகுதியில் ஸ்குவாமஸ் வகைப் புற்றுநோய் இருப்பது எண்டோஸ்கோப்பியில் தெரியவந்தது. வாரம் ஒன்றாக ஐந்து கீமோவும் 23 தவணைக் கதிர்வீச்சும் முடிந்து, இன்னும் இரண்டு வாரத்தில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். இதற்கிடையே, மருந்து விற்பனைத் துறையில் இருக்கும் உறவினர் ஒருவர் சொன்னதன்பேரில் தனியார் பரிசோதனை நிலையத்தில் இரத்தம் கொடுத்திருக்கிறார்கள். டி-டைமர் 1,840, ஃபைப்ரினோஜன் 520, தட்டணுக்கள் 4.1 லட்சம், இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.3 என்று முடிவு வந்தது. "இரத்தம் கெட்டியாக இருக்கிறது, இந்த நிலையில் கத்தி வைத்தால் ஆபத்து" என்றிருக்கிறார் உறவினர். எட்டு நாள் பூண்டுப்பாலும், இணையத்தில் வாங்கிய நாட்டோகைனேஸ் மாத்திரையும் கொடுத்துவிட்டு வேறொரு நிலையத்தில் பார்த்தபோது டி-டைமர் 930 என்று வந்திருக்கிறது. அளவு பாதியாகிவிட்டதால் இன்னும் ஒரு மாதம் இப்படியே கொடுத்து, முழுக்கக் குறைந்த பிறகு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா, ஆஸ்பிரினும் சேர்த்துக் கொடுக்கலாமா என்பது முதல் கேள்வி. டி-டைமர் அதிகமானால் ஆயுள் குறைவு என்று உறவினர் அனுப்பிய ஆய்வுக் கட்டுரை சொல்வது உண்மையா என்பது அடுத்தது. அறுவைக்குப் பின் ஒரு மாதம் இரத்த உறைவைத் தடுக்கும் ஊசி போட வேண்டும் என்கிறார்களே, இவ்வளவு பெரிய தையலுக்குப் பிறகு அது இரத்தப்போக்கை உண்டாக்காதா, ஊசிக்குப் பதில் மாத்திரை தரக்கூடாதா என்பது கடைசி. கடிதத்தின் முடிவில், போகிறபோக்கில், "பத்து நாளாக இடது கால் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, நடமாட்டம் இல்லாததால் இருக்கும்" என்றும் ஒரு வரி இருக்கிறது.

அன்புள்ள வாசகிக்கு,

இந்தப் பதில் வெளியாகும்வரை காத்திருக்கக் கூடாத செய்தி உங்கள் கடிதத்தின் அந்தக் கடைசி வரியில் இருந்ததால், அதைப் பற்றி மட்டும் உங்களுக்கு முன்னரே தனியாக எழுதிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் பிற குடும்பங்களுக்காக அதையே இங்கும் முதலில் வைக்கிறேன்.

எண்களை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள்

புற்றுநோய் உள்ள ஒருவருக்கு, கீமோ முடிந்த சில வாரங்களில், ஒரு கால் மட்டும் வீங்கினால், அதை ஆழ்சிரை இரத்த உறைவு என்று சந்தேகித்து, இல்லை என்று உறுதியாகும்வரை விடக் கூடாது. சத்துக் குறைவால் இரத்தத்தில் அல்புமின் குறைந்து வரும் வீக்கம் பொதுவாக இரண்டு கால்களிலும் வரும். ஒற்றைக் கால் வீக்கத்துக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. இதைத் தீர்மானிக்க டி-டைமர் தேவையில்லை. அழுத்திப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் போதும்; வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை, ஊசி இல்லை, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை முழுக் காலையும் பார்க்கச் சொல்லுங்கள். முழங்கால் வரை மட்டும் பார்த்து "ஒன்றுமில்லை" என்று எழுதிக் கொடுத்தால், ஒரு வாரத்தில் மறுபடியும் பார்க்க வேண்டியிருக்கும்.

உறைவு இல்லையென்றால் அறுவை சிகிச்சை குறித்த நாளில் நடக்க இது தடையில்லை. முழங்காலுக்கு மேலே பெரிய சிரையில் உறைவு இருப்பதாகத் தெரிந்தால் கணக்கு முற்றிலும் மாறும். முழு அளவு உறைவெதிர்ப்பு ஊசியை உடனே தொடங்க வேண்டும். உறைவு கண்டறியப்பட்ட முதல் மாதத்தில் அந்த மருந்தை நிறுத்தினால் உறைவு பெருகவோ பிய்ந்து நுரையீரலுக்குப் போகவோ வாய்ப்பு மிக அதிகம் என்பதால், இயன்றவரை அந்த ஒரு மாதம் கழிந்த பிறகே பெரிய அறுவை சிகிச்சைக்குப் போவோம். அதற்குள் அறுத்தே ஆக வேண்டிய கட்டாயம் இருந்தால், வயிற்றின் பெருஞ்சிரையில் தற்காலிக வடிகட்டி ஒன்றைப் பொருத்திவிட்டுச் செய்வதும் உண்டு. ஆகவே உங்கள் கேள்வியில் உள்ள "தள்ளிப்போடுவது" என்பதற்கு நியாயமான காரணம் ஒன்று இருக்கலாம். அது நீங்கள் நினைக்கும் காரணம் அன்று. இந்தக் கால் வீக்கத்தை அறுவை மருத்துவரிடம் சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை. இன்றே சொல்லுங்கள்.

1,840-உம் 930-உம்

இரத்தம் உறையும்போது ஃபைப்ரினோஜன் என்ற புரதம் ஃபைப்ரின் இழைகளாக மாறி, இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகின்றன. வேலை முடிந்ததும் உடலே பிளாஸ்மின் என்ற நொதியைக் கொண்டு அந்த வலையை அறுக்கிறது. அப்படி அறுபட்டு விழும் துண்டுகளில் ஒன்றுதான் டி-டைமர். தச்சுப் பட்டறையில் கிடக்கும் மரத்தூளைப் பார்த்து அங்கே இழைப்பு நடந்திருக்கிறது என்று சொல்லலாம். இழைத்தது கதவா, கட்டிலா என்று சொல்ல முடியாது. டி-டைமரும் அப்படித்தான். உடலில் எங்கோ உறைதலும் கரைதலும் நடந்திருக்கின்றன என்பதற்கு மேல் அது எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. வயதானால் கூடும், சளிக்காய்ச்சலில் கூடும், கர்ப்பத்தில் கூடும், புற்றுநோயில் பெரும்பாலும் கூடியே இருக்கும். ஏனென்றால் புற்றுச் செல்கள் பலவும் திசுக் காரணி என்ற புரதத்தைத் தாமே வெளிப்படுத்தி உறைதலைத் தூண்டுகின்றன. இந்தத் தொடர்பு மருத்துவத்துக்குப் புதிதும் அன்று. அர்மான் ட்ரூசோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1865-இலேயே வயிற்றுப் புற்றுநோயாளிகளுக்குச் சிரைகளில் உறைவு வருவதை எடுத்துச் சொன்னார். பிறகு தமக்கே அந்த நோய் கண்டு 1867-இல் இறந்தார்.

இனி பாதியாகக் குறைந்த கதைக்கு வருகிறேன். நீங்கள் இணைத்திருந்த இரண்டு அறிக்கைகளிலும் எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் அலகு அச்சிடப்பட்டிருக்கிறது. முதலாவதில் எஃப்.இ.யு., இரண்டாவதில் டி.டி.யு. ஒரே பொருளை அளக்கும் இருவேறு முறைகள் இவை; ஒரு டி.டி.யு. என்பது ஏறத்தாழ இரண்டு எஃப்.இ.யு. எனவே இரண்டாவது நிலையத்தின் 930, முதல் நிலையத்தின் கணக்கில் சுமார் 1,860. எதுவும் குறையவில்லை, பூண்டுப்பாலுக்குப் போன பெருமை அலகுக்குச் சேர வேண்டியது. ஒவ்வொரு நிறுவனத்தின் சோதனைப் பொருளும் சற்றே வேறு அளவு காட்டும் என்பதால், அலகு ஒன்றாகவே இருந்தாலும் இரண்டு நிலையங்களின் டி-டைமரை ஒப்பிடுவது சரியன்று. டி-டைமருக்கு வழக்கமாகச் சொல்லும் 500 எஃப்.இ.யு. என்ற வரம்பும் எல்லா வயதினருக்கும் பொருந்துவதில்லை. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி வரும் எண்ணை, அதாவது உங்கள் அப்பாவுக்கு 660 எஃப்.இ.யு.வை, வரம்பாகக் கொள்ளும் வழக்கம் உண்டு. வரம்புக்குக் கீழே இருந்தால் "உறைவு இல்லை" என்று ஒதுக்குவதற்குத்தான் இந்தச் சோதனை பெரிதும் உதவுகிறது. மேலே இருந்தால் "உறைவு இருக்கிறது" என்று அது நிரூபிப்பதில்லை. முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் இதைச் சேர்த்து விற்பது எனக்கு உவப்பானதன்று. பதில் தெரியாத கேள்விகளோடு மக்களை வீட்டுக்கு அனுப்புகிறது.

எண் குறையும்வரை காத்திருக்கலாமா?

வேண்டாம். டி-டைமரைத் தூக்கி வைத்திருப்பது பெரும்பாலும் அந்தக் கட்டியே. கட்டியை அகற்றாமல் எண் இறங்கக் காத்திருப்பது முடிவில்லாத காத்திருப்பு. அறுவைக்குப் பிறகும் அது உடனே இறங்காது. மார்பும் வயிறும் திறக்கப்பட்டு, இரைப்பையைக் குழாயாக்கி மேலே இழுத்து இணைக்கும் பெரிய அறுவை இது. எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் டி-டைமர் மேலும் ஏறி, ஒரு வார அளவில் உச்சத்தைத் தொட்டு, பல வாரங்கள் கழித்தே தணியும். கதிர்வீச்சுக்கும் அறுவைக்கும் நடுவே சில வாரங்கள் இடைவெளி விடுவது, உடல் தேறவும் வீக்கம் அடங்கவும். உங்கள் அப்பாவுக்குத் தந்த சிகிச்சை முறைக்கு அடிப்படையாக அமைந்து 2012-இல் வெளியான கிராஸ் ஆய்வில், கதிர்வீச்சு முடிந்த நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் அறுவை செய்யத் திட்டமிட்டிருந்தார்கள். இப்போது ஓரிரு வாரங்கள் கூடுதலாகவும் விடுகிறோம். ஆனால் காரணமின்றி மாதக்கணக்கில் நீட்டிப்பதால் நன்மை இல்லை. கதிர்வீச்சுப் பட்ட திசு நாளாக ஆக இறுகி அறுவையும் கடினமாகும்.

மற்ற மூன்று எண்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபைப்ரினோஜன் பொதுவாக டெசிலிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரை இருக்கும். உடலில் அழற்சி இருந்தால் ஏறும். கதிர்வீச்சு முடிந்த உணவுக்குழாயில் அழற்சி இல்லாமல் இருந்தால்தான் வியப்பு. தட்டணுக்கள் 4.1 லட்சம் என்பது கட்டியாலோ இரும்புச்சத்துக் குறைவாலோ வந்திருக்கக்கூடிய அளவு. இதற்காக அறுவையை நிறுத்துவதில்லை.

ஐ.என்.ஆர். 1.3 என்பதைப் பார்த்து, "இது இரத்தம் நீர்த்திருப்பதைக் காட்டுகிறதே, அப்படியானால் உறையாதுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி, ஆனால் அப்படிப் பொருள் கொள்ளக் கூடாது. பல வாரங்களாகக் கஞ்சியும் மோருமாகவே இருப்பவருக்கு வைட்டமின் கே குறைந்து, கல்லீரல் செய்யும் சில உறைவுப் புரதங்கள் போதாமல் போகும். அதனால் அறுவையின்போது இரத்தம் கசியலாம். அதே மனிதருக்குக் காலில் உறைவும் வரலாம். ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை. வைட்டமின் கே கொடுத்து அறுவைக்கு முன் மறுபடியும் பார்ப்பார்கள். உறவினர் சொன்ன "கெட்டி இரத்தம்" என்பதற்கு ஓரளவு பொருத்தமான ஒன்று உண்டென்றால் அது நீர் வற்றுவதுதான். விழுங்க முடியாதவர், சென்னை வெயிலில், நாளுக்கு இரண்டு தம்ளர் தண்ணீரோடு இருந்தால் உறைவுக்கான வாய்ப்பு உண்மையிலேயே கூடும். வாய்வழியாகப் போதிய அளவு இறங்கவில்லையென்றால் மூக்குவழிக் குழாயோ சிறுகுடலுக்குள் உணவு செலுத்தும் குழாயோ வைத்துச் சத்தும் நீரும் கொடுப்பதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மீதமிருக்கும் இந்த இரண்டு வாரத்தில் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம் இதுவே.

ஆயுளைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். டி-டைமரும் ஃபைப்ரினோஜனும் அதிகமாக இருந்த உணவுக்குழாய்ப் புற்றுநோயாளிகள், கூட்டமாக எடுத்துப் பார்த்தால், சற்றுக் குறைந்த காலம் வாழ்ந்ததாக ஆய்வுகள் உண்டு. சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பல வந்திருக்கின்றன. கட்டி பெரிதாக இருந்தால் இந்த எண்களும் பெரிதாக இருக்கும் என்பதே அதில் பெரும்பகுதி. ஒரு தனி மனிதரின் சிகிச்சையை இந்த எண்ணை வைத்து எங்கும் தீர்மானிப்பதில்லை; புற்று பரவியிருக்கிறதா என்பதைப் பெட் ஸ்கேனும் சி.டி.யும்தான் சொல்ல வேண்டும். அறுத்தெடுத்த பகுதியை நுண்ணோக்கியில் பார்த்து எழுதும் நோயியல் அறிக்கை உங்கள் அப்பாவின் எதிர்காலத்தைப் பற்றி இதைவிடப் பன்மடங்கு சொல்லும். கிராஸ் ஆய்வில், இதே ஸ்குவாமஸ் வகையில், கீமோ கதிர்வீச்சுக்குப் பிறகு அறுவை செய்துகொண்டவர்களில் 49 விழுக்காட்டினருக்கு அகற்றிய பகுதியில் உயிருள்ள புற்றுச் செல்லே மிஞ்சியிருக்கவில்லை. உறவினர் அனுப்பிய கட்டுரையோடு இந்த எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பிரின், மாத்திரை, பூண்டு

ஆஸ்பிரினை நீங்களாகத் தொடங்க வேண்டாம். அது தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் மருந்து; இதயத் தமனி அடைப்புக்கு ஏற்றது. சிரைகளில் உருவாகும் உறைவில் ஃபைப்ரின் வலைதான் பெரும்பங்கு என்பதால், இந்த இடத்தில் அது ஊசிக்கு மாற்றாகாது. உணவுக்குழாயில் புண்ணான கட்டி உள்ளவருக்கு இரத்தம் கசியவும் அது வழி செய்யும். (இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஏற்கனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிற வாசகர்கள் இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடக் கூடாது, அவர்களுக்கு இது பொருந்தாது.) நாட்டோகைனேஸ், மீன் எண்ணெய், செறிவூட்டிய பூண்டு மாத்திரை ஆகியவற்றை இன்றோடு நிறுத்துங்கள், இத்தனை நாள் கொடுத்ததை மயக்க மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இந்த அறுவைக்குப் பின் வலி தெரியாமலிருக்க முதுகுத்தண்டின் அருகே மெல்லிய குழாய் வைப்பது பரவலான வழக்கம். அந்த இடத்தில் இரத்தம் கசிந்து தேங்கினால் கால்கள் செயலிழக்கும் ஆபத்து உண்டு என்பதால்தான் அவர் இதையெல்லாம் துருவிக் கேட்கிறார். ரசத்தில் போடும் பூண்டைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

ஒரு மாத ஊசி

எண்ணை வைத்து முடிவெடுப்பதில்லை என்றால், ஊசி தேவை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். உறைவு வரும் ஆபத்தைக் கணக்கிட, காப்ரினி என்ற மதிப்பெண் முறை ஒன்று இருக்கிறது. 61 முதல் 74 வயது என்றால் இரண்டு புள்ளி, புற்றுநோய் என்றால் இரண்டு, முக்கால் மணி நேரத்துக்கு மேற்பட்ட பெரிய அறுவைக்கு இரண்டு, கழுத்துச் சிரையில் வைக்கும் குழாய்க்கு இரண்டு. ஐந்தைத் தொட்டாலே அதிக ஆபத்து. உங்கள் அப்பா எட்டில் நிற்கிறார். அந்தப் பட்டியலில் டி-டைமர் இல்லவே இல்லை. அது 200 என்று வந்திருந்தாலும் அவருக்கு ஊசி உண்டு.

ஏன் ஒரு மாதம்? வயிறு, இடுப்புப் பகுதிப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களிடம் எனாக்சபாரின் என்ற ஹெபரின் வகை ஊசியை ஒரு வாரத்தோடு நிறுத்துவதையும் நான்கு வாரம் தொடர்வதையும் ஒப்பிட்ட ஆய்வு 2002-இல் வெளியானது. சிரைகளைப் படமெடுத்துப் பார்த்தபோது உறைவு கண்டவர்கள் 12 விழுக்காட்டிலிருந்து 4.8 விழுக்காடாகக் குறைந்திருந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை வெளியே அறிகுறி காட்டாதவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீட்டித்துக் கொடுத்ததால் பெரிய இரத்தப்போக்கு கூடியதாகத் தெரியவில்லை. உணவுக்குழாய் அறுவைக்கான பன்னாட்டு வழிகாட்டுதல்களும் நான்கு வாரத்தையே பரிந்துரைக்கின்றன. உங்கள் அச்சத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை; ஆனால் தடுப்பு அளவும் சிகிச்சை அளவும் வேறு வேறு. தடுப்புக்கு வழக்கமாக நாளொன்றுக்கு 40 மில்லிகிராம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் குறைவு. முதுகுக் குழாய் வைக்கும்போதும் எடுக்கும்போதும் முந்தைய ஊசியிலிருந்து குறைந்தது 12 மணி நேர இடைவெளி விடப்படும். ஊசி தொடங்கிய ஐந்தாம் நாளிலிருந்து தட்டணுக்களின் எண்ணிக்கையைக் கவனிப்பார்கள். அரிதாகச் சிலருக்கு ஹெபரினே தட்டணுக்களைக் குறைத்து உறைவை உண்டாக்கும்.

மாத்திரையைப் பொறுத்தவரை, உங்கள் அப்பாவுக்கு இரண்டு தடைகள் உள்ளன. கட்டி இன்னும் உள்ளே இருக்கும்போது, உறைவெதிர்ப்பு மாத்திரைகளில் சில உணவுப் பாதையில் இரத்தக்கசிவை ஊசியைவிட அதிகம் உண்டாக்குகின்றன. அறுவைக்குப் பிறகோ, மருந்துகளைச் சிறுகுடலில் வைத்த குழாய் வழியாகக் கொடுக்க வேண்டியிருக்கும். அவற்றில் ரிவரோக்சபான் போன்றவை இரைப்பையைத் தாண்டிக் கொடுத்தால் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. மாத்திரையைப் பொடித்துக் குழாயில் விட்டுவிட்டு "மருந்து போகிறது" என்று நிம்மதியாக இருப்பது வீண் நம்பிக்கை.

ஊசி போட வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம். வீடு திரும்பும் முன் செவிலியர் முன்னால் நீங்களே இரண்டு முறை போட்டுப் பாருங்கள். தொப்புளிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி, உணவு செலுத்தும் குழாயும் தையலும் இல்லாத பக்கமாக, தோலை மடித்துப் பிடித்துச் செங்குத்தாகப் போட வேண்டும். மருந்து நிரப்பி வரும் ஊசியிலுள்ள காற்றுக் குமிழியை வெளியேற்றக் கூடாது. போட்ட இடத்தைத் தேய்க்கவும் கூடாது. சிறு நீலத் தடிப்பு வருவது இயல்பு. கால்களுக்கான இறுக்கக் காலுறையைச் சென்னைப் புழுக்கத்தில் யாரும் நாள் முழுக்கப் போட்டிருப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அதைவிட, அறுவைக்கு மறுநாளிலிருந்தே பிடித்து எழுப்பி நடக்க வைப்பதுதான் முக்கியம். "உடம்பு முடியாதவரை ஏன் நடக்க வைக்கிறீர்கள்" என்று பார்க்க வரும் சொந்தக்காரர்கள் செவிலியரிடம் சண்டைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் நோயின் பெயரையே சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படிச் சொல்வது என்பது உங்கள் குடும்பம் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது. ஆனால் சுயநினைவோடு இருக்கும் பெரியவரின் அறுவைக்கு ஒப்புதல் தர வேண்டியவர் அவரேதான். அவர் தெரியாமல் கையெழுத்திட்டால் அது ஒப்புதல் ஆகாது. இரத்த உறைவைப் பொறுத்தவரை அவருக்குத் தெரிந்திருப்பது பாதுகாப்பும்கூட. கால் வலியையும் மூச்சிரைப்பையும் முதலில் உணரப்போகிறவர் அவர். அவை முக்கியம் என்று தெரியாதவர் வாய் திறக்க மாட்டார்.

வீடு திரும்பிய பின் திடீர் மூச்சுத் திணறல், மூச்சை இழுக்கும்போது குத்தும் மார்பு வலி, இருமலில் இரத்தம், மயக்கம், படபடப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழைத்து, அறுவை செய்த மருத்துவமனைக்கே கொண்டுபோங்கள். இந்த அறுவைக்குப் பிறகு மூச்சுத் திணறலுக்கு நிமோனியா, இணைப்பில் கசிவு, இதயத் துடிப்புக் கோளாறு, நுரையீரல் இரத்தக்குழாய் அடைப்பு என்று பல காரணங்கள் இருக்கலாம். அவற்றைப் பிரித்தறிய டி-டைமர் உதவாது, மார்புக்குச் சி.டி. ஆஞ்சியோ எடுக்க வேண்டியிருக்கும். வழியில் ஏதோ ஒரு பரிசோதனை நிலையத்தில் நின்று இரத்தம் கொடுத்து நேரத்தைப் போக்க வேண்டாம். மலம் கறுப்பாகப் போனாலோ, காயத்திலிருந்து இரத்தம் நிற்காமல் வந்தாலோ, அன்றைய ஊசியைப் போடாமல் மருத்துவரை அழையுங்கள். நான்கு வாரம் முடிந்ததும் டி-டைமரை மறுபடியும் பார்க்க வேண்டுமா என்றால், அறிகுறி எதுவும் இல்லாதபோது தேவையில்லை.